வெயிலுக்கு விலை வைத்தால்: கட்டிடத்துக்குள் நடக்கும் அடுக்கு விவசாயத்தின் கணக்கு

கைபேசியைத் திறந்தால் ஒரே நாளில் இரண்டு விதமான செய்தி வருகிறது. ஒன்றில், துபாயில் ஒரு பெரிய கிடங்குக்குள் தட்டுக்கு மேல் தட்டாகக் கீரை பச்சைப் பசேலென்று நிற்கிறது. மண் கிடையாது, வெயில் கிடையாது, பூச்சிமருந்து கிடையாது, தண்ணீரும் வயலுக்குத் தேவைப்படுவதில் நூற்றில் ஐந்து பங்கு போதும் என்கிறார்கள். இன்னொன்றில், அமெரிக்காவில் இதே தொழிலில் ஆயிரக்கணக்கான கோடி ரூபாயைக் கொட்டிய நிறுவனம் கதவைச் சாத்திவிட்டது என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில், பத்து சென்ட் கொட்டகையில் மாதம் இத்தனை ஆயிரம் வருமானம் என்று விளம்பரங்கள் வேறு. திருநெல்வேலி மாவட்டத்தில் பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் கிணறு வற்றிப்போன நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று யோசிப்பவருக்கு இதில் எதை நம்புவது என்ற குழப்பம் வருவது நியாயம்.

இரண்டு செய்தியும் உண்மைதான். இரண்டும் எப்படி ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதை ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் புரிந்துவிடும்: செடிக்கு வேண்டிய வெளிச்சத்துக்கு யார் காசு கொடுப்பது?

## மூன்று வேறு வேறு விஷயங்கள்

விளம்பரங்களில் எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்லிவிடுகிறார்கள். முதலில் பிரித்துக்கொள்வோம்.

1. மண்ணில்லா விவசாயம். ஹைட்ரோபோனிக்ஸ் என்பது இதுதான். செடியின் வேர் மண்ணில் இருக்காது. சத்துகள் கரைந்த தண்ணீரில் இருக்கும், அல்லது தென்னை நார்க்கழிவு மாதிரி ஒரு பிடிமானத்தில் இருக்கும். 1930-களிலேயே கலிபோர்னியாவில் இதற்குப் பெயர் வைத்துச் செய்து பார்த்துவிட்டார்கள். இதை மொட்டைமாடியிலும் செய்யலாம், வயலிலும் செய்யலாம்.

2. நிழல்வலைக் குடில், பசுமைக்குடில். மேலே வலையோ பிளாஸ்டிக் தாளோ போட்டு, வெயிலையும் மழையையும் பூச்சியையும் அளவாக உள்ளே விடுவது. உள்ளே மண்ணும் இருக்கலாம், தொட்டியும் இருக்கலாம். வெளிச்சம் சூரியனுடையது.

3. கட்டிடத்துக்குள் அடுக்கு விவசாயம். நான்கு பக்கமும் மூடிய அறை. தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒவ்வொரு தட்டுக்கும் மேலே எல்.இ.டி. விளக்கு. குளிரூட்டி, ஈரத்தைக் குறைக்கும் இயந்திரம், காற்றைச் சுழற்றும் மின்விசிறி, சத்துத் தண்ணீரைச் சுற்றிவிடும் பம்ப், எல்லாம் உண்டு. சில இடங்களில் வெளிக்காற்றில் பத்து லட்சத்தில் 420 பங்கு அளவில் இருக்கும் கரியமில வாயுவை உள்ளே 1,000 பங்கு வரை ஏற்றி வைப்பார்கள்; செடி வேகமாக வளரும்.

முதல் இரண்டிலும் சூரியன் இலவசமாக வேலை செய்கிறது. மூன்றாவதில் சூரியனைக் கழித்துவிட்டு அந்த வேலைக்கு மின்சாரத்தை அமர்த்துகிறோம். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த மூன்றாவதைப் பற்றியது.

## ஏறியதும் இறங்கியதும்

1999-இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டிக்சன் டெஸ்போமியர் என்ற பேராசிரியர் தன் மாணவர்களோடு சேர்ந்து, நகரத்துக் கட்டிடங்களுக்குள் மாடி மாடியாக விவசாயம் செய்தால் என்ன என்று கணக்குப் போட ஆரம்பித்தார். அப்போது அது வெறும் யோசனைதான், ஏனென்றால் பழைய விளக்குகள் மின்சாரத்தைத் தின்று சூட்டைக் கக்கின. நீல நிற எல்.இ.டி. வந்து, அது மலிவான பிறகுதான் யோசனைக்குக் கால் முளைத்தது. அந்த நீல விளக்கைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. செடிக்கு நீலமும் சிவப்பும்தான் முக்கியமான வெளிச்சம் என்பதால், வீடியோக்களில் அறை முழுக்க ஊதா நிறமாகத் தெரியும்.

அப்புறம் பணம் வந்தது. 2017-இல் பிளென்ட்டி என்ற அமெரிக்க நிறுவனத்தில் ஜப்பானிய முதலீட்டு நிறுவனமான சாஃப்ட்பேங்க் தலைமையில் 20 கோடி டாலர் போட்டார்கள். ஜப்பானில் கியோட்டோ பக்கம் ஸ்பிரெட் நிறுவனம் 2018-இல் ஒரு நாளைக்கு 30,000 லெட்யூஸ் (சாலட்டில் பச்சையாகத் தின்னும் இலைக்கீரை) எடுக்கும் ஆலையைத் தொடங்கியது. துபாயில் 2022-இல் திறந்த புஸ்தானிக்கா பண்ணை 3 லட்சத்து 30 ஆயிரம் சதுர அடி. ஆண்டுக்கு ஆயிரம் டன் இலைக்கீரை என்பது அவர்கள் கணக்கு.

இறக்கமும் அதே 2022-இல்தான் தொடங்கியது. உக்ரைன் போரால் ஐரோப்பாவில் மின்கட்டணம் எகிறியது. பெர்லினின் அடுக்குப் பண்ணை நிறுவனமான இன்ஃபார்ம் அந்த நவம்பரில் ஊழியர்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியது. அமெரிக்காவின் ஏரோஃபார்ம்ஸ் நிறுவனம் 2023 ஜூனில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போய், கடனைச் சீரமைத்துக்கொண்டு திரும்பியது. இன்னொரு அமெரிக்க நிறுவனமான பௌரி 2024 நவம்பரில் மூடிவிட்டது. பிளென்ட்டியும் 2025 மார்ச்சில் நீதிமன்றப் படியேறி, கடைசியில் ஸ்ட்ராபெர்ரியைப் பிடித்துக்கொண்டது. நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் சிங்கப்பூர், 2030-க்குள் தன் உணவுத் தேவையில் 30 சதவீதத்தை உள்ளூரிலேயே விளைவிப்போம் என்று 2019-இல் அறிவித்தது. 2025-இல் அந்த இலக்கையே மாற்றிக்கொண்டது.

வட்டி ஏறியது, நிர்வாகம் சரியில்லை என்று ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு காரணம் சொல்கிறார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கணக்குதான் கிடக்கிறது.

## வெளிச்சத்தின் விலை

திருநெல்வேலிச் சீமையில் வருடத்துக்குச் சராசரியாக ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு நாளைக்கு விழும் வெயிலின் ஆற்றல் 5 யூனிட் மின்சாரத்துக்குச் சமம், சில மாதங்களில் அதற்கும் மேல். ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். அப்படியானால் ஒரு ஏக்கர் வயலில் ஒரே நாளில் விழுவது 20,000 யூனிட். ஒரு யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால், ஒரு லட்சத்து அறுபதாயிரம் ரூபாய். கார் பருவத்தில், அதாவது ஜூனில் தொடங்கும் நெல் போகத்தில், நாத்து நட்டுவிட்டு வரப்பில் நிற்கிற ஒருவரின் வயலில், காலையிலிருந்து சாயங்காலத்துக்குள் அவ்வளவு மதிப்புள்ள சரக்கு பில் இல்லாமல் இறங்குகிறது. பயிர் அதில் நூற்றில் ஒரு பங்கைத்தான் பிடித்து வைத்துக்கொள்கிறது. மிச்சம் வீணாகிறதே என்று யாரும் கவலைப்படுவதில்லை, காசு கொடுத்து வாங்கியதில்லை என்பதால்.

அறைக்குள் போனதும் ஒவ்வொரு துளி வெளிச்சத்துக்கும் கணக்கு எழுத வேண்டியதாகிறது. படிப்படியாகப் பார்ப்போம்.

1. செடிக்கு வேண்டியது ஒளித்துகள்கள். அதை மோல் என்ற அளவால் எண்ணுவார்கள். நெல்லுக்கு மரக்கால் மாதிரி ஓர் அளவு என்று நினைத்துக்கொள்ளலாம். லெட்யூஸ் நன்றாக வளர ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளில் 15 மோல் போதும். நம் வெயில் கொடுப்பது சுமார் 40 மோல்.

2. நல்ல எல்.இ.டி. ஒரு யூனிட் மின்சாரத்தில் 10.8 மோல் தரும். எனவே 15 மோலுக்கு ஏறக்குறைய 1.4 யூனிட்.

3. விளக்குக்குள் போன மின்சாரம் கடைசியில் சூடாகத்தான் அறையில் தங்கும். செடி விடும் ஈரமும் சேரும். இரண்டையும் வெளியே தள்ளக் குளிரூட்டி ஓட வேண்டும். பம்ப், விசிறி எல்லாம் சேர்த்து நாளைக்கு 2 யூனிட் என்பது சிக்கனமான கணக்கு. பாளையங்கோட்டைக் கோடையில், வெளியே 38, 39 டிகிரி அடிக்கும்போது, இது இன்னும் ஏறும்.

4. அந்த ஒரு சதுர மீட்டரில் வருடத்துக்கு 80 கிலோ இலை எடுத்தால் அது நல்ல மகசூல். நாளைக்கு 220 கிராம்.

5. ஆக, ஒரு கிலோ இலைக்கு 9 யூனிட். 8 ரூபாய் வீதம் 72 ரூபாய்.

இது எல்லாம் சரியாக நடந்தால் வரும் கணக்கு. 2021-இல் வந்த உலகளாவிய கணக்கெடுப்பு ஒன்றில் அடுக்குப் பண்ணைகள் சொன்ன சராசரி, கிலோவுக்கு 38.8 யூனிட். அதே கணக்கெடுப்பில் பசுமைக்குடில்களுக்கு 5.4 யூனிட்.

இதைக் கீரைக்கட்டில் வைத்துப் பார்ப்போம். மகாராஜநகர் உழவர் சந்தையில் காலையில் ஈரச் சாக்கைப் போர்த்தி வைத்திருக்கும் ஒரு கட்டு சிறுகீரை கால் கிலோ என்று வையுங்கள். நம் சிக்கனமான கணக்கிலேயே அந்தக் கட்டுக்குக் கரண்டு மட்டும் 18 ரூபாய். கீரை விற்பதே 15, 20 ரூபாய்க்கு. விதை, சத்துக் கரைசல், கூலி, கட்டிட வாடகை, வாங்கிய கடனுக்கு வட்டி, ஆட்டோ வாடகை எதையும் இன்னும் எழுதவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லெட்யூஸ் குளிர்நாட்டுச் செடி. மிதமான வெளிச்சத்திலும் குளுமையிலும் சுகமாக இருக்கும். நம் சிறுகீரை, தண்டுக்கீரை, அரைக்கீரை எல்லாம் சி-4 என்ற வகை. கரும்பு, மக்காச்சோளம் போல நல்ல வெயிலும் சூடும் இருந்தால்தான் அவற்றின் முழுத் திறமை வெளியே வரும். ஐரோப்பாவில் லெட்யூஸை வைத்துப் போட்ட கணக்கு நம் கீரைக்கு அப்படியே பொருந்தாது. வெயிலைக் குடித்து வளரும் கீரையை வெயில் ஊரில் அறைக்குள் அடைப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

## நெல்லை ஏன் அடுக்க முடியாது

இலைக்கீரையில் பறிப்பதில் பெரும்பகுதி தண்ணீர், செடியில் பெரும்பகுதியைத் தின்னவும் செய்கிறோம். நெல் அப்படியில்லை. மணி காய்ந்தது, வைக்கோல் தனியாகப் போய்விடும். ஒரு கிலோ நெல் வேண்டுமானால் கிட்டத்தட்ட இரண்டு கிலோ காய்ந்த பயிரை உருவாக்க வேண்டும். நல்ல சூழலில் ஒரு மோல் ஒளிக்கு ஒரு கிராம் காய்ந்த பயிர் கிடைக்கும் என்று வைத்தால், 2,000 மோல். மேலே சொன்ன விளக்கில் அது 185 யூனிட். விளக்குக்கு மட்டுமே ஒரு கிலோ நெல்லுக்கு 1,480 ரூபாய்.

கோதுமைக்கு இதை ஆராய்ச்சியாகவே செய்திருக்கிறார்கள். பத்து அடுக்கில் கோதுமை போட்டால் ஒரு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 1,940 டன் வரை கிடைக்கலாம், வயலில் எடுப்பதைவிடப் பல நூறு மடங்கு, என்று 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று கணித்தது. தலைப்புச் செய்திகள் இந்த எண்ணோடு நின்றுவிட்டன. இன்றைய மின்சார விலையில் இது கட்டுபடியாகாது என்றும் அதே ஆய்வு சொல்லியிருந்தது.

அரிசி, பருப்பு, எண்ணெய்வித்து, கிழங்கு என்று வயிற்றை நிரப்பும் எந்தப் பயிருக்கும் இதே கதிதான். எனவே உலகப் பசியை அடுக்கு விவசாயம் தீர்க்கும் என்ற பேச்சைக் கேட்டால், தட்டில் இருப்பது சோறா, சோற்றுக்குப் பக்கத்தில் வைக்கும் இலையா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

## காற்றாலையும் சோலாரும் இருக்கிறதே?

இந்தப் பக்கத்தில் நியாயமாக வரும் கேள்வி இது. கயத்தாறிலிருந்து ராதாபுரம், பணகுடி, முப்பந்தல் வரை எங்கு பார்த்தாலும் காற்றாலை. கூடங்குளத்தில் அணுமின் நிலையம். மின்சாரம் இங்கேதானே பிறக்கிறது?

காற்றாலை மின்சாரம் பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரை, மேற்குத் தொடர்ச்சி மலைக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில். கார்த்திகை, மார்கழியிலும் செடிக்குத் தினம் பதினாறு மணி நேரம் வெளிச்சம் வேண்டும். தவிர, பக்கத்து வயலில் காற்றாலை சுற்றுவதால் நம் பில் குறைவதில்லை. மின்சாரம் பொதுக் கம்பியில் போய், பொதுக் கட்டணத்தில் திரும்பி வருகிறது.

சோலாரை ஒரு ஏக்கர் கட்டிடத்துக்குக் கணக்குப் போடலாம். பத்து அடுக்கு, நடைபாதைக்கும் இயந்திரத்துக்கும் தரையில் பாதி போக, செடி நிற்கும் பரப்பு 20,000 சதுர மீட்டர். நாளைக்கு 40,000 யூனிட் வேண்டும். ஒரு மெகாவாட் சோலார் நாளைக்குச் சுமார் 4,500 யூனிட் தரும், நாலைந்து ஏக்கர் பிடிக்கும். ஆக ஒன்பது மெகாவாட், நாற்பது ஏக்கர் தகடு. அந்தக் கட்டிடத்திலிருந்து வரும் கீரையைத் திறந்த வெளியில் விளைவிக்க 50 ஏக்கர் ஆகும் என்று தாராளமாக வைத்தாலும், மிச்சமாகும் நிலம் பத்து ஏக்கருக்குள். வெயிலைத் தகட்டில் பிடித்து, மின்சாரமாக்கி, மறுபடி வெளிச்சமாக்கிச் செடிக்குக் கொடுக்கும்போது வழியில் பத்தில் ஒன்பது பங்கு சூடாகக் கரைந்துவிடுகிறது.

நாங்குநேரி, ராதாபுரம் வட்டாரங்களில் தரிசாகக் கிடக்கும் நிலத்தைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தோன்றும். இங்கே குறைவது நிலமல்ல. தண்ணீர், வேலைக்கு ஆள், விளைந்ததற்கு விலை, இந்த மூன்றும்தான்.

## தண்ணீர்: மிச்சம் உண்மை, இடம் வேறு

அடுக்கு விவசாயத்தின் பெருமையில் கலப்படமில்லாதது தண்ணீர்தான். வேர் குடித்தது போக மிச்சம் திரும்பத் தொட்டிக்கு வருகிறது. இலை விடும் ஈரத்தையும் குளிரூட்டியில் பிடித்து மறுபடி ஊற்றலாம். அமெரிக்காவின் அரிசோனாவில் 2015-இல் வெளியான ஒப்பீட்டில் வயலில் ஒரு கிலோ லெட்யூஸுக்கு 250 லிட்டர், மண்ணில்லா முறையில் 20 லிட்டர் என்று வந்தது. ஆற்றல் செலவு 82 மடங்கு கூடியது என்பதும் அதே ஒப்பீட்டில்தான் இருக்கிறது.

ஆனால் தாமிரபரணித் தண்ணீர் எங்கே போகிறது? பாபநாசம், மணிமுத்தாறு அணைகளிலிருந்து கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டு வழியாகச் சுமார் 86,000 ஏக்கருக்குப் பாய்கிறது. அதில் பெரும்பகுதி நெல்லும் வாழையும். ஒரு கிலோ நெல்லுக்குச் சராசரியாக 2,500 லிட்டர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. ஜூன் பிறந்ததும் காருக்குத் தண்ணீர் திறப்பார்களா, அடுத்த நெல் போகமான பிசானத்துக்காவது அணை நிரம்புமா என்பதுதான் இங்கே ஆண்டுதோறும் கேட்கும் கேள்வி. கீரை குடிக்கும் தண்ணீர் இந்தக் கணக்கில் ஓரத்தில் கசிவது மாதிரி. அதிகம் குடிக்கும் பயிரை அடுக்க முடியாது. அடுக்க முடிகிற பயிர் அதிகம் குடிப்பதில்லை.

கிணற்றுத் தண்ணீரிலும் ஒரு சிக்கல் உண்டு. கடலோரத்திலும் செம்மணல் மேடான தேரிக்காட்டுப் பக்கத்திலும் பல கிணறுகள் உப்பு. சத்துக் கரைசலுக்கு உப்பில்லாத தண்ணீர் வேண்டும், உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் வைக்க வேண்டும். ஆர்.ஓ. ஒரு குடம் நல்ல தண்ணீர் தரும்போது கிட்டத்தட்ட அரைக்குடமாவது கழிவுநீராக வெளியே தள்ளும். அதை எங்கே விடுவது என்பதை இடம் பார்க்கும்போதே தீர்மானிக்க வேண்டும். நிலத்தில் விட்டால் நாளைக்கு அந்த நிலத்தில் ஒன்றும் முளைக்காது.

## தட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால்

வெள்ளைக் குழாய், அதில் வரிசையாக ஓட்டை, ஒவ்வோர் ஓட்டையிலும் உள்ளங்கை அளவு வலைக்கிண்ணம். செடியைக் கிண்ணத்தோடு மெதுவாகத் தூக்கினால் கீழே ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளை வேர் தொங்கும், நூல்கண்டைப் பிரித்துவிட்டது போல. அது ஆரோக்கியமான வேர். வெள்ளை போய்ப் பழுப்பாகி, தொட்டால் வழவழவென்று இருந்து, முகர்ந்தால் குட்டை நாற்றம் அடித்தால் வேரழுகல் வந்துவிட்டது. தண்ணீரின் சூடு 28 டிகிரியைத் தாண்டும்போது அதில் கரையும் உயிர்வாயு குறைந்து இந்த நோய்க்கு வழி பிறக்கும். ஒரே தண்ணீர் எல்லாக் குழாய்க்கும் சுற்றுவதால், ஒரு குழாயில் வந்தது மறுநாளே அடுத்த குழாய்க்கும் போகும். வயலில் ஒரு மூலையில் நோய் வந்தால் அந்த மூலையோடு பிடித்துவிடலாம். இங்கே அந்த வாய்ப்பு இல்லை.

கரைசலின் புளிப்பைத் தினமும் பார்க்க வேண்டும். பி.எச். அளவு 5.5-க்கும் 6.5-க்கும் நடுவில் நின்றால்தான் வேர் சத்தை எடுக்கும். உப்புச் செறிவைக் காட்டும் ஈ.சி. மீட்டரையும் பார்க்க வேண்டும். மண் செய்யும் வேலை இதெல்லாம். மண் ஒரு பெரிய தாங்கல். கொஞ்சம் உரம் கூடினாலும் குறைந்தாலும் பொறுத்துக்கொள்ளும். இந்தக் குழாய்க்கு அந்தப் பொறுமை கிடையாது.

அப்புறம் கரண்டு. வேருக்குச் சத்துத் தண்ணீரைப் பனி மாதிரி தூவும் முறையில் ராத்திரி மின்சாரம் போய், ஜெனரேட்டரும் கிளம்பவில்லை என்றால், ஒன்றிரண்டு மணி நேரத்தில் வேர் காய ஆரம்பிக்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தச் சீமை மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஆற்றங்கரை வாழையும் நெல்லும் தண்ணீருக்கடியில் போயின. மூடிய கட்டிடம் இருந்தால் பயிர் தப்பியிருக்குமே என்று அப்போது பலருக்கும் தோன்றியிருக்கும். மேட்டில் இருந்த கட்டிடம் மழையிலிருந்து தப்பியிருக்கும்தான். ஆனால் அந்த வாரம் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. வானத்தை நம்புவதை விட்டுவிட்டு மின்கம்பியை நம்ப ஆரம்பிக்கிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

## பணம் போடுமுன் கேட்க வேண்டியவை

2012-இல் கொங்குப் பக்கம் ஈமு கோழியில் பணம் போட்டவர்கள் பட்ட பாடு நினைவிருக்கும். கோழி உண்மையானதுதான், கறிக்குச் சந்தை இல்லாமல் போனது. அடுக்கு விவசாயத்துக்கு முதலீடு கேட்டு யாராவது வந்தால் இவற்றைக் கேளுங்கள்.

1. ஒரு கிலோ விளைச்சலுக்கு எத்தனை யூனிட்? பதில் எண்ணாக வர வேண்டும். கடந்த பன்னிரண்டு மாத மின்பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.
2. விளைந்ததை எடுக்கப்போவது யார்? பெயர், ஊர், வாரத்துக்கு எத்தனை கிலோ? லெட்யூஸை 300 ரூபாய்க்கு எடுக்கும் ஓட்டல் நம் வட்டாரத்தில் எத்தனை இருக்கும் என்று நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.
3. விளைச்சலைத் திரும்ப நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்றால், அவர்கள் அதை எங்கே விற்கிறார்கள்? வருமானம் இலையிலிருந்து வருகிறதா, புதிதாகச் சேருபவர் கட்டும் பணத்திலிருந்து வருகிறதா?
4. பம்ப், விளக்கு, குளிரூட்டி பழுதானால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார்? எந்த ஊரிலிருந்து?

இரண்டாவது கேள்வியிலேயே பல பேச்சுகள் முடிந்துவிடும்.

மாட்டுத் தீவனத்தை வைத்து வரும் விளம்பரத்துக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஒரு கிலோ மக்காச்சோளத்தைத் தட்டில் முளைக்கவிட்டால் எட்டு நாளில் ஏழு கிலோ பசுந்தீவனம் என்பார்கள். தராசில் ஏழு கிலோ வரும், அதில் பொய் இல்லை. அந்த ஏழில் ஆறு கிலோவுக்கு மேல் தண்ணீர். காய்ந்த சத்தை எடுத்துப் பார்த்தால், விதையில் 880 கிராம் இருந்தது தீவனத்தில் 800 பக்கம் குறைந்திருக்கும், ஏனென்றால் முளைக்கும்போது விதை தன் இருப்பையே எரித்து வளர்கிறது. பசும்புல்லே கிடைக்காத கோடையில் மாட்டுக்குக் கொஞ்சம் பசுமை காட்ட இது உதவும். தீவனச் செலவைக் குறைக்க உதவாது.

## அப்படியானால் இங்கே எது சரிப்படும்?

வெளிச்சக் கணக்கைத் திருப்பிப் போட்டால் பதில் கிடைக்கும். குறைந்த வெளிச்சத்தில், குறைந்த இடத்தில், அதிக மதிப்பு வருவது எது?

முதலாவது நம் கண்ணெதிரே ஏற்கெனவே நடக்கிறது. அதை யாரும் அடுக்கு விவசாயம் என்று அழைப்பதில்லை. திசு வளர்ப்பு வாழை, அதாவது வாழையின் சிறு துணுக்கிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்தெடுக்கும் கன்று. ஏத்தனுக்கும் ரஸ்தாளிக்கும் பக்கக்கன்று வைப்பவர்கள் இன்னும் நிறைய இருந்தாலும், ஜி-9 என்ற வாழை ரகத்தைப் போடுபவர்கள் திசு வளர்ப்புக் கன்றைத்தான் வாங்குகிறார்கள். அந்தக் கன்று பிறப்பது 25 டிகிரி குளுமையில், அலமாரித் தட்டுகளில், கண்ணாடிக் குப்பிக்குள், மங்கலான விளக்கடியில். லெட்யூஸுக்கு வேண்டிய வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு போதும். ஒரு சதுர மீட்டர் தட்டில் நூற்றுக்கணக்கான கன்று நிற்கும், ஒவ்வொன்றும் பத்து ரூபாய்க்கு மேல் போகும். குழந்தைப் பருவத்தை மட்டும் அறைக்குள் கழித்துவிட்டு, நிழல்வலையில் பழகி, வளர்வதை நம் வெயிலிலேயே வளர்கிறது. கரண்டுக்கும் சூரியனுக்கும் இதைவிட நல்ல வேலைப் பங்கீடு எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது காளான். அது பச்சையம் இல்லாத உயிர். வெளிச்சத்துக்குக் காசே வேண்டாம். சிப்பிக்காளானை வைக்கோல் நிரப்பிய உருளைப் பைகளில் வளர்த்து, உறி மாதிரி ஒன்றின் கீழ் ஒன்றாகத் தொங்கவிடுவதும் அடுக்கு விவசாயம்தான். 20 முதல் 28 டிகிரி சூடும் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் ஈரமும் வேண்டும். ஓலைக் கொட்டகையில் ஈரச் சாக்குக் கட்டியே பலர் சமாளிக்கிறார்கள். ஒரு கிலோ காய்ந்த வைக்கோலுக்கு அரைக் கிலோவுக்கு மேல் காளான் வரும். பிசானம் அறுத்த வைக்கோல் இங்கே குறைவில்லை. சித்திரை வெயிலில் ஒன்றிரண்டு மாதம் நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும். விற்பனையும் அன்றன்றைக்கே முடிய வேண்டும், ஏனென்றால் சிப்பிக்காளான் மறுநாள் வாடிவிடும்.

மூன்றாவது, அடுக்கு விவசாயத்திலிருந்து விளக்கை மட்டும் கழித்துவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்வது. அளந்து கொடுக்கும் தண்ணீர், அளந்து கொடுக்கும் சத்து, பூச்சி நுழையாத வலை, இவைதான் அதில் உள்ள நல்ல பாடங்கள். சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் இருக்கிறது. நிழல்வலைக் குடிலுக்கும் தோட்டக்கலைத் துறையில் மானியம் உண்டு. ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கம் தக்காளியும் மிளகாயும் கத்தரியும் போடுபவர்கள் பலர் இப்போது குழித்தட்டு நாற்றுதான் வாங்கி நடுகிறார்கள்.

அந்த நாற்றுக்கு முழு நேரமும் விளக்குப் போட்டால் என்ன ஆகும் என்றும் பார்க்கலாம். 98 குழித் தட்டு ஆறேழு வைத்தால் ஒரு சதுர மீட்டர், 650 நாற்று. இருபத்தைந்து நாளைக்கு 50 யூனிட், 400 ரூபாய். நாற்றுக்கு 60 பைசா. தக்காளி நாற்று ஒரு ரூபாய்ச் சரக்கு, தாங்காது.

ஒட்டு நாற்று தாங்கும். சுண்டைச் செடியை வேருக்கு வைத்து அதன் மேல் கத்தரியை ஒட்டினால், மண்ணிலிருக்கும் நூற்புழுவையும் வாடல் நோயையும் சுண்டை வேர் தாங்கிக்கொள்ளும், கத்தரி மேலே காய்க்கும். சாதாரண நாற்றைவிடப் பல மடங்கு விலைக்குப் போகும் சரக்கு இது. பென்சில் முனை பருமனில் இருக்கும் இரண்டு தண்டுகளையும் சரிவாக வெட்டி, சின்னக் கிளிப் போட்டு இணைத்த பிறகு, ஒரு வாரம் மட்டும் அவற்றுக்கு வெயில் ஆகாது. மங்கலான வெளிச்சமும் மூடிய ஈரமும் வேண்டும். நிழல்வலைக் குடிலின் ஒரு மூலையில் பிளாஸ்டிக் தாள் கட்டிய சின்ன அறை, உள்ளே நாலு தட்டு, தட்டுக்கு ஒரு டியூப்லைட். ஏழாம் நாள் கிளிப்புக்கு மேலே கத்தரியின் புது இலை நிமிர்ந்துவிட்டால் தட்டை எடுத்து வெளியே வலைக்கடியில் வைத்துவிடலாம்.